இரண்டாவது சாட்சி

எங்கள் வீட்டுக்குப் பைனாகுலர் வந்தது பறவைக்காக அல்ல, பிறைக்காக. டெக்சாஸில் இர்விங் நகரத்துக்கு நாங்கள் குடிவந்த மறுவருஷம், நோன்பு முடியப் போகிற வாரத்தில் வாப்பா அதை ஏதோ ஒரு கடையில் தள்ளுபடி விலைக்கு வாங்கிவந்தார். அவர் கீழக்கரைக்காரர். கடற்கரையில் நின்று வெறுங்கண்ணால் பிறை பார்த்து வளர்ந்தவர். இர்விங்கில் மேற்கே பார்த்தால் வானத்துக்கு முன்னால் இன்னொரு அபார்ட்மென்ட் நிற்கும். அதையும் தாண்டிக் கொஞ்சம் வானம் கிடைத்தால், பக்கத்து விமான நிலையத்திலிருந்து கிளம்பிய விமானங்கள் அதில் வெள்ளைக் கோடு கிழித்து வைத்திருக்கும். எது பிறை, எது புகை என்று பிரித்துப் பார்க்க ஒரு சாமான் வேண்டும் என்பது வாப்பாவின் வாதம். வருஷத்தில் ஒரு நாள் வேலை செய்கிற சாமானுக்கு அலமாரியில் ஒரு தட்டை ஒதுக்க முடியாது என்பது உம்மாவின் வாதம். எங்கள் வீட்டில் எல்லா வழக்கிலும் நடப்பதுபோல இரண்டு பேரும் தாங்கள்தான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டார்கள்.

அந்த வருஷம் பிறை பார்க்கப் பள்ளிவாசல் பார்க்கிங் லாட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். இருபத்தொன்பது நோன்பு முடிந்திருந்தது. பிறை தெரிந்தால் விடிந்ததும் பெருநாள், தெரியாவிட்டால் இன்னும் ஒரு நோன்பு. மளிகைக் கடை வைத்திருந்த ஓர் அங்கிள், தான் பார்த்துவிட்டதாகக் கையை நீட்டிக் கத்தினார். ஆனால் பெருநாள் பிறைக்கு ஒரு சாட்சி போதாது, இரண்டு பேர் பார்த்திருக்க வேண்டும். எல்லாரும் பைனாகுலர் வைத்திருந்த வாப்பாவின் பக்கம் திரும்பினார்கள். வீடுகளில் இறைச்சிக்கு மசாலா தடவி வைத்தாகிவிட்டது. நாங்கள் பிள்ளைகள் புதுத்துணியை ஒருமுறை போட்டுக் கழற்றிவிட்டுத்தான் வந்திருந்தோம். ‘நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்’ என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை என்றாலும், அந்தப் பார்க்கிங் லாட் முழுக்க அந்தக் கேள்விதான் நின்றது. வாப்பா மூக்குக் கண்ணாடியோடு பைனாகுலரைச் சேர்த்து வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு இறக்கினார்.

“என் கண்ணுல படல. படாததைப் பட்டுச்சுன்னு எப்படிச் சொல்றது?”

மறுநாளும் நோன்பு வைத்தோம். மளிகைக் கடை அங்கிள் வாப்பாவுக்கு வழக்கமாகச் சும்மா போடும் கறிவேப்பிலைக் கொத்தைப் பல வாரம் போடவில்லை. உம்மா அதைச் சொல்லிக்காட்டியபோதும் வாப்பாவுக்கு வருத்தம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. பார்த்ததைப் பார்த்தேன் என்றும் பார்க்காததைப் பார்க்கவில்லை என்றும் சொல்வதில் அவருக்கு என்ன கஷ்டம் இருக்க முடியும் என்பது போல இருந்தார்.

அன்று எனக்கு ஆறு வயது. அன்றைக்கு நான் கற்றுக்கொண்டவை இரண்டு. பிறையைப் பார்த்தவர் கையை நீட்டி ஊருக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட வேண்டும் என்பது ஒன்று. பைனாகுலர் ஒவ்வொருவர் முகத்துக்கும் ஓர் அளவு கேட்கும் என்பது மற்றது. வாப்பாவுக்கு அகன்ற முகம், எனக்கு ஒடுங்கிய முகம். அவர் பார்த்தபின் நான் கண்ணில் வைத்தால் இரண்டு வட்டங்கள் ஆளுக்கொரு பக்கம் போய் நிற்கும். நடுவில் இருக்கிற கீலை மடக்கி, இரண்டு குழாய்களையும் நெருக்கினால்தான் எனக்கு ஒரே வட்டமாகத் தெரியும். உடனே வாப்பா வாங்கி மறுபடி அகட்டுவார், நான் வாங்கி மறுபடி நெருக்குவேன். பிறையே தெரியாத அந்த வானத்தைப் பார்க்க இரண்டு பேரும் அப்படி அடித்துக்கொண்டோம்.

பெருநாள் போன பிறகு அதைச் சும்மா வைக்க வாப்பாவுக்கு மனம் வரவில்லை. அபார்ட்மென்டின் பின்பக்கம் மழைத்தண்ணீர் தேங்கும் ஒரு குட்டை உண்டு. அதில் வந்து நின்ற கொக்கில் ஆரம்பித்தார். நூலகத்தில் கழித்துப் போட்ட பழைய புத்தகங்களை விற்றபோது படம் போட்ட பறவைப் புத்தகம் ஒன்று கிடைத்தது. ரிச்சர்ட்சனில் ஒரு டெலிகாம் கம்பெனியில் சாஃப்ட்வேரைச் சோதிப்பது அவருடைய வேலை. பறவையையும் அப்படித்தான் சோதித்தார். ஒரு தடவை வந்துவிட்டுப் போனதை வந்ததாகவே ஒப்புக்கொள்ள மாட்டார். அதோடு பிறைக்கான விதியையும் சேர்த்துக்கொண்டார். இரண்டு பேர் பார்த்தால்தான் அந்தப் பறவை எங்கள் வீட்டுக் கணக்கில் சேரும். உம்மா குழம்பு கொதிக்கிறது என்று வர மாட்டார், தம்பி அப்போது கைக்குழந்தை. எனவே எல்லாப் பறவைக்கும் இரண்டாவது சாட்சி நான்தான்.

அடுத்து வந்த செப்டம்பரில் நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்தன. அதற்குப் பிறகு பைனாகுலர் அலமாரியின் மேல்தட்டில், குளிர்காலப் போர்வைகளுக்குப் பின்னால் போய்விட்டது. அடுத்த நோன்பில் பிறை பார்க்கப் போனபோது வாப்பா அதை எடுத்துவரவில்லை. வெறுங்கண்ணால் பார்ப்பதுதான் முறை என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. குட்டைப் பக்கமும் அவர் போகவில்லை. ஆபீஸ் வேலை கூடிவிட்டது என்றார், அதுவும் நியாயமாகவே பட்டது. பெரியவர்கள் சொல்கிற காரணங்களைத் தனித்தனியாகக் கேட்டால் எல்லாம் நியாயமாகத்தான் இருக்கும். அவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு அப்போது இல்லை.

மூன்றாம் வகுப்பில் எங்கள் டீச்சர், ஏதாவது ஒரு பறவையை ஒரு வாரம் கவனித்துப் படம் வரைந்து வரச் சொன்னார். நான் நாற்காலி போட்டு ஏறிப் போர்வைகளை இழுத்துத் தள்ளி, பைனாகுலரைத் தோண்டி எடுத்தேன். வாப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் உள்ளே வந்து அதை வாங்கி, சட்டை நுனியால் தூசியைத் துடைத்து, என் கழுத்தில் மாட்டினார்.

“இனிமே இது உன்னுது. நீ பாரு, நான் புக் புடிச்சுக்கறேன்.”

எனக்கு நிலை கொள்ளவில்லை. ஒரு சாமானை முழுசாக உன்னுடையது என்று யாரும் அதுவரை என்னிடம் சொன்னதில்லை. தம்பிக்கு அன்று காய்ச்சலே வந்துவிடும் போலிருந்தது.

அப்படித்தான் அந்த வசந்தத்தில், இரண்டாயிரத்து மூன்றில், நாங்கள் ஓக் காட்டுக்குப் போக ஆரம்பித்தோம். ஆபீஸில் கூட வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் வாப்பாவுக்குச் சொன்ன இடம் அது. வீட்டிலிருந்து ஒரு மணிநேரம் ஓட்ட வேண்டும். ஓர் ஏரி, அதற்கு ஓர் அணைக்கட்டு, ஏரிக்கரை மேட்டில் யாரும் கோடாலி வைக்காமல் தப்பித்த பழைய காடு. மரங்களுக்கு இருநூறு முன்னூறு வயது என்று வாசல் பலகையில் எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்த எங்களுக்குப் பெரிய ஏமாற்றம். வானத்தை முட்டும் மரங்களை எதிர்பார்த்துப் போனோம். நின்றவையோ குட்டையாக, முறுக்கிக்கொண்டு, பட்டை வெடித்து, பாதிக் கிளை பட்டுப்போய் இருந்தன. காய்ந்த செம்மண்ணில் வேறு எப்படி வளரும்?

இதற்கு எங்கள் இராமநாதபுரத்துக் கருவேலங்காடே தேவலை, அதற்குப் பெட்ரோல் செலவு இல்லை என்று உம்மா தீர்ப்பு சொன்னார். வயது வேறு, வளர்த்தி வேறு என்று வாப்பா மரங்களுக்காக வாதாடினார். வாப்பாவும் கொஞ்சம் குள்ளம்தான்.

உம்மாவுக்கு அந்தக் காடு பிடிக்கவே இல்லை. உண்ணிக்குப் பயந்து மண்ணில் கால் வைக்க மாட்டார். வெயில் தலைவலி கொடுக்கும். காட்டுக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவர் வீட்டில் நின்றதில்லை. விடியுமுன் எழுந்து தேங்காய்ச் சோறும் கோழிப் பொரியலும் செய்து, பார்க்கிங் லாட் ஓரத்து பிக்னிக் பெஞ்சில் தம்பியோடு உட்கார்ந்துவிடுவார். அந்த பெஞ்சிலிருந்து பார்த்தால் காட்டுப்பாதை வளைவுவரை தெரியும். நாங்கள் திரும்பி வரும்வரை அந்த வளைவையே பார்த்துக்கொண்டிருப்பார். சோறு ஆறுகிறதே என்ற கவலை என்று நான் நினைத்திருந்தேன்.

காரை விட்டு இறங்கியதும் வாப்பா செய்கிற காரியங்கள் எனக்கு மனப்பாடம். முதலில் தலையில் ஒரு பேஸ்பால் தொப்பி வைப்பார். அவருக்கு பேஸ்பால் பற்றி எதுவும் தெரியாது. தாடியை இன்னும் கொஞ்சம் சின்னதாக வெட்டிக்கொள்ளலாமே என்று உம்மா காரிலேயே ஒருமுறை சொல்லியிருப்பார், வாப்பா அதைக் கேட்காத மாதிரி இருந்திருப்பார். பிறகு பைனாகுலரை எடுத்து, மாலை போடுவது மாதிரி என் கழுத்தில் போட்டு, என்னை முன்னால் நடக்கச் சொல்வார். அவர் பறவைப் புத்தகத்தை நெஞ்சோடு, அட்டைப்படம் வெளியே தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு பின்னால் வருவார். எதிரே யாராவது வந்தால் போதும், வீட்டில் தமிழில்தான் பேச வேண்டும் என்று எங்களை வாட்டுகிற மனிதர், காடே கேட்கும்படி “வாட் டிட் யூ சீ, மை டியர்?” என்பார். அந்த ‘மை டியர்’ எனக்கு மானக்கேடாக இருக்கும். அவர்கள் சிரித்துக் கையசைத்துப் போன பிறகு தமிழுக்கு இறங்குவார்.

பறவை தெரிந்தால் பார்ப்பது நான், கேட்பது அவர். மூக்குக் கண்ணாடி போட்டவனுக்கு பைனாகுலர் சரிப்படாது என்று சொல்லிவிட்டார். தலை என்ன நிறம், வயிற்றில் கோடு இருக்கிறதா, வால் பிளந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, நான் சொல்லச் சொல்லப் பக்கம் புரட்டுவார். கண்டுபிடித்துவிட்டால் படத்தை என்னிடம் காட்டி, இதுவா என்பார். ஆமாம் என்றால் அவர் முகம் மலர்ந்துபோகும். நான் கண்ணால் பார்த்த சந்தோஷத்தைவிடக் காதால் கேட்ட அவருடைய சந்தோஷம் பெரிதாக இருக்கும்.

அந்தக் காட்டில் அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. பெயின்டட் பன்டிங் என்று ஒரு பறவை. சிட்டுக்குருவி அளவுதான். ஆனால் தலை நீலம், வயிறு சிவப்பு, முதுகு பச்சை. ஒரு பிள்ளை கையில் கிரேயான் டப்பாவைக் கொடுத்துவிட்டு அம்மா தூங்கப் போய்விட்ட மாதிரி நிறம். ஆபீஸ் நண்பர் சொன்ன நாளிலிருந்து வாப்பா அந்தப் பக்கத்தை எடுத்து எடுத்துப் பார்த்ததில், புத்தகத்தை மேஜையில் வைத்தாலே அது அந்தப் பக்கத்தில்தான் விரியும். இப்படி ஒன்றை அல்லா படைத்திருக்கிறான் என்றால் ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று காலைச் சாப்பாட்டின்போது இட்லியை விட்டுவிட்டுச் சொல்வார்.

மே மாத ஆரம்பத்தில் அதை நான் பார்த்தேன். ஒரு பழைய ஓக்கின் உச்சியில், பட்டுப்போன கிளை நுனியில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தது. பிறை பார்த்தவள் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியுமே. கையை நீட்டி, என்னால் முடிந்த மட்டும் கத்தினேன். கிளை ஆடியது, பறவை இல்லை.

நான் அழப் போகிறேன் என்று தெரிந்து வாப்பா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பிறை எங்கயும் ஓடாதுமா. பறவை ஓடிடும்.”

நான் பார்த்தது அதுதான் என்று எத்தனை சொல்லியும் அது கணக்கில் சேரவில்லை. என்னை நம்புகிறாராம், ஆனால் ஒரு சாட்சிதான் இருக்கிறதாம், விதி விதிதானாம். அப்போதே முடிவு செய்துவிட்டேன். அடுத்த முறை வாயைத் திறக்க மாட்டேன். பைனாகுலரைக் கழற்றி வாப்பாவின் கண்ணிலேயே வைத்து, அவரைச் சாட்சியாக்காமல் விடமாட்டேன்.

ஆனால் அதற்கு நாள் இருக்கவில்லை. வாப்பாவின் கம்பெனியில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். நியூ ஜெர்சியில், ஐசலின் பக்கத்தில் வேறு வேலை கிடைத்து, பள்ளி மூடியதும் கிளம்புவதாக ஏற்பாடு. புத்தகத்தில் அந்தப் பறவையின் படத்துக்கடியில் குட்டியாக ஒரு வரைபடம் இருந்தது. பறவை வாழும் இடத்துக்கு வண்ணம் பூசியிருந்தார்கள். டெக்சாஸில் வண்ணம் இருந்தது, நியூ ஜெர்சியில் இல்லை. அங்கே இது வராது என்று வாப்பா சாதாரணமாகத்தான் சொன்னார். நான்தான் அந்த வரைபடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அந்தக் கடைசி ஞாயிறு, வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள் கிடக்க, உம்மா பாத்திரங்களைக் கட்டியதை அவிழ்த்துச் சோறாக்கி எடுத்துக்கொண்டார். நாங்கள் காட்டுக்குப் போனோம்.

அன்று வழக்கத்தில் ஒரு சின்ன மாற்றம். காரை நிறுத்தியதுமே நான் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றேன். உம்மா என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் வரும்வரை வாப்பா பைனாகுலரைக் கையில் தொங்கவிட்டபடி ஏரிப் பக்கத்து வேலியோரம் நின்றிருந்தார். எதிரே தண்ணீரும் அணைக்கட்டும். எங்களைக் கண்டதும் விறுவிறு என்று வந்து வாரை என் கழுத்தில் போட்டார். உம்மா அவர் முகத்தைப் பார்த்தார்.

பறவைக்காக நின்று நின்று நடந்ததில், அரை மணிநேரத்தில் அந்த வளைவை மட்டும்தான் தாண்டியிருந்தோம். அதே ஓக், அதே பட்டுப்போன கிளை, அதே பறவை. நம்ப முடியாமல் இரண்டு தடவை பார்த்தேன். அதுதான். தலையைத் தூக்கிப் பாடிக்கொண்டிருந்தது. எனக்கு நெஞ்சு அடித்த அடிக்கு அது பறந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. கத்தவில்லை. வாப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். வாரைத் தலைவழியே கழற்றி அவரிடம் நீட்டினேன். வேண்டாம், நீ பார்த்துச் சொல், கண்ணாடியோடு எனக்குத் தெரியாது என்று வழக்கம்போல மறுத்தார்.

“ரெண்டு சாட்சி வேணும்ல வாப்பா? ப்ளீஸ். இன்னிக்கு விட்டா அவ்ளோதான்.”

வாப்பா என்னைப் பார்த்தார், கிளையைப் பார்த்தார். பிறகு ரோட்டைக் கடக்கப் போகிறவர் மாதிரி பாதையின் இரண்டு பக்கமும் பார்த்தார். தொப்பியைக் கழற்றி, குனிந்து, கழுத்தைக் கொடுத்தார். நான் வாரை மாட்டினேன். அவர் கை பைனாகுலரைத் தூக்கப் போகிற நேரம், வளைவுக்கு அந்தப் பக்கம் தம்பி “லாத்தா, லாத்தா” என்று அக்காவான என்னைக் கூவிக்கொண்டு ஓடிவருகிற சத்தம் கேட்டது. உம்மாவிடமிருந்து தப்பித்து வந்திருக்கிறான். அந்தக் குரல் ஒன்று போதும், காட்டில் ஒரு பறவை மிஞ்சாது. நான் திரும்பி ஓடினேன்.

வளைவில் அவனைப் பிடித்து வாயைப் பொத்தினேன். அவன் என் உள்ளங்கையைக் கடித்துக்கொண்டிருக்கும்போதே சரளைப் பாதையில் ஒரு டிரக் எங்களைத் தாண்டிப் போனது. காட்டு ரேஞ்சரின் டிரக். பாதை முழுக்கப் புழுதி. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இவ்வளவு பாடுபட்டுத் தம்பியின் வாயை அடைத்தால், டிரக்கின் வாயை யார் அடைப்பது? அவனை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

டிரக் நின்றிருந்தது. ரேஞ்சர் இறங்கி வாப்பாவுக்குக் கொஞ்ச தூரத்தில் நின்றிருந்தார். வாப்பா இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து சற்று விலக்கி, விரல்களை விரித்து வைத்துக்கொண்டு நின்றார். பைனாகுலர் அவர் கழுத்தில் இல்லை, தரையில், செம்மண்ணில் கிடந்தது. அதைத் தரையில் வைக்கக் கூடாது என்று எனக்கு ஆயிரம் தடவை சொன்னவர் அவர். எனக்குப் பொறுக்கவில்லை. ரேஞ்சர் எதிரிலேயே கேட்டேன்.

“ஏன் வாப்பா இதைக் கீழ வச்சீங்க? லென்ஸ் ஸ்க்ராட்ச் ஆயிடும்ல?”

வாப்பா என்னைப் பார்க்கவில்லை. அசையாமல் நின்றார். நான் அதை எடுத்து ஊதித் துடைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ரேஞ்சர் பக்கம் திரும்பினேன். உங்கள் டிரக்கால் என் பறவை போய்விட்டது என்று ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினேன். அவர் உயரமான மனிதர். என்னையும், என் பின்னால் மூக்கு ஒழுக நின்ற தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய தோள்கள் மெல்லத் தளர்ந்தன. பைனாகுலர் யாருடையது என்று கேட்டார். என்னுடையது என்றேன். என்ன பறவை என்று கேட்டார். தலை நீலம், வயிறு சிவப்பு, முதுகு பச்சை, பெயின்டட் பன்டிங், முதலில் என் அப்பா நம்பவில்லை, இரண்டு பேர் பார்த்தால்தான் கணக்கு, நாங்கள் நியூ ஜெர்சிக்குப் போகிறோம், அங்கே இது கிடையாது என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

அவர் சிரித்தார். மன்னித்துக்கொள், பறவையை விரட்ட வரவில்லை என்றார். அரை மணிநேரத்துக்கு முன் யாரோ போன் செய்தார்களாம். தாடி வைத்த ஓர் ஆள் பைனாகுலரோடு அணைக்கட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்றார்களாம். அதைப் போய்ப் பார்ப்பது தன் வேலை என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அணைக்கட்டில் பார்க்க என்ன இருக்கிறது? அது வெறும் சிமென்ட், பறவை காட்டில் அல்லவா இருக்கிறது என்று அவருக்கு விளக்கினேன். அவர் கையில் வைத்திருந்த வாப்பாவின் லைசன்ஸைத் திருப்பிக் கொடுத்து, நல்லபடியாகப் பொழுதைக் கழியுங்கள் சார் என்று சொல்லிவிட்டுப் போனார். வாப்பா அவருக்கு நன்றி சொன்னார். டிரக் மறைந்த பிறகும் இன்னொரு தடவை சொன்னார்.

கிளை காலியாக இருந்தது. வாப்பா என் தோளில் கையை வைத்தார். லைசன்ஸைப் பர்ஸில் வைக்க மறந்து மற்றக் கையிலேயே பிடித்திருந்தார். இத்தனை நாள் ஆசைப்பட்டதைப் பார்த்தால் யாருக்குத்தான் மற்றது நினைவிருக்கும்? எனக்கே முதல் தடவை எல்லாம் மறந்துபோனதே.

“பார்த்தீங்களா வாப்பா?”

அவர் கிளையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“பார்த்தேன்மா. நீ சொன்ன மாதிரியேதான் இருந்துச்சு.”

நான் லேசில் விடவில்லை. ஒவ்வொரு பறவைக்கும் அவர் என்னைச் சோதித்த மாதிரி நானும் சோதித்தேன். தலை என்ன நிறம் என்றேன். நீலம் என்றார். வயிறு? சிவப்பு. முதுகு? பச்சை. ஒன்றுகூடத் தப்பவில்லை. நான் குதித்தேன். எதற்கு என்று தெரியாமலே தம்பியும் குதித்தான். வாப்பா எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து அணைத்துக்கொண்டார். எப்போதும் பிடிப்பதைவிட இறுக்கமாகப் பிடித்தார், பைனாகுலர் எனக்கும் அவருக்கும் நடுவில் நசுங்கி நெஞ்சில் அழுத்தியது. வலித்தது, ஆனாலும் விலகத் தோன்றவில்லை.

வளைவில் உம்மா நின்றிருந்தார். உண்ணிக்குப் பயந்து மண்ணில் கால் வைக்காதவர் செருப்புகூட இல்லாமல், ஒரு கையில் சோற்றுக் கரண்டியோடு பாதி தூரம் ஓடி வந்திருந்தார். முக்காடு தோளில் கிடந்தது. தம்பியைத் தேடி ஓடி வந்தார் என்று நினைத்தேன். ஆனால் அவனைத் திட்டவில்லை, ஒரு அடிகூடப் போடவில்லை. வாப்பாவின் முகத்தைத் தொட்டார். எங்கள் எதிரில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. வாப்பா பறவையைப் பார்த்துவிட்டார், இரண்டு சாட்சி ஆகிவிட்டது என்று நான்தான் செய்தியைச் சொன்னேன். உம்மா வாப்பாவைப் பார்த்தார்.

“பார்த்தீங்களா?”

“பார்த்தேன்” என்றார் வாப்பா, கீழே குனிந்து என் ஷூ லேஸைக் கட்டியபடி. அது அவிழ்ந்திருக்கவே இல்லை.

உம்மா எங்களைப் பெஞ்சுக்குத் திரும்பக் கூட்டிப்போனார். சோறு ஆறிப்போயிருந்தது. வாப்பா தட்டில் பிசைந்துகொண்டே இருந்தார், அவருடைய கோழித்துண்டும் எனக்கே கிடைத்தது. பறவையைக் கண்ட எனக்கு அது பரிசு என்று எடுத்துக்கொண்டேன்.

திரும்பும்போது காரில் தம்பி தூங்கிவிட்டான். நான் புத்தகத்தை மடியில் வைத்தேன், அது தானாக அந்தப் பக்கத்தில் விரிந்தது. இனி அதைப் பார்க்கிற வேலை அவருக்கு இல்லை, நேரிலேயே பார்த்தாகிவிட்டது என்று மூடி வைத்தேன். ஃப்ரீவே ஓரத்துக் கம்பியில் வால் நீண்ட ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. பைனாகுலரைத் தூக்கிக் கண்ணில் வைத்தேன். வாப்பா பார்த்தபிறகு வழக்கமாக இரண்டு வட்டங்கள் ஆளுக்கொரு பக்கம் நிற்குமே, மடக்கி நெருக்க வேண்டுமே என்று கீலில் கையும் வைத்துவிட்டேன். நெருக்க வேண்டியிருக்கவில்லை. காட்டில் அவர் கழுத்தில் மாட்டும்போது எப்படி இருந்ததோ அப்படியே, என் கண்ணளவில், ஒரே வட்டமாக இருந்தது.

நான் கஷ்டப்படக் கூடாதென்று வாப்பா என் அளவுக்குச் சரிசெய்தே தந்திருக்கிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.